இன்ஜின் பைத்தியத்திடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கடைச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஏழெட்டு ரயில் இன்ஜின் படங்களும் மாட்டியிருக்கின்றன. எல்லாம் நானே எடுத்தவை. எரிந்துபோன போர்வெல் மோட்டாரை இறக்கிவிட்டுக் காத்திருப்பவர்கள் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ஏதாவது கேட்பார்கள். பதினைந்து வருடமாகக் கேட்கிறார்கள், கேள்வியும் பெரும்பாலும் அதேதான். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு எழுதி வைத்துவிட்டேன்.

"ஏங்க, இன்ஜின்னா இன்ஜின்தானே? இதுல புடிச்சது புடிக்காததுன்னு என்னங்க இருக்குது?"

இதே கேள்வியை மாட்டுச் சந்தைக்குப் போகிற உங்கள் மாமாவிடம் கேட்டுப் பாருங்கள். ஆலம்பாடி மாட்டைக் கொம்பை வைத்தே தூரத்தில் சொல்லிவிடுவார், அப்புறம் அரை மணி நேரம் விடமாட்டார். இன்ஜினும் அப்படித்தான். பார்வைக்கு எல்லாம் இரும்புப் பெட்டி. ஆனால் சத்தம் வேறு, இழுக்கிற விதம் வேறு, நிற்கும்போது மூச்சு விடுகிற விதம்கூட வேறு. என் தொழிலே மோட்டாரைக் காதால் கேட்டு நோய் சொல்வது. அந்தப் பழக்கம் ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வந்துவிட்டது.

"இன்ஜின் மேல டபிள்யூ, ஏ, பின்னு என்னமோ எழுதியிருக்கே, அது என்ன கணக்கு?"

முதல் எழுத்து தண்டவாளத்தின் அகலம். டபிள்யூ என்றால் அகலப்பாதை, ஒய் என்றால் மீட்டர் கேஜ், இசட் என்றால் இரண்டரை அடிப் பாதை. இரண்டாவது எழுத்து தீனி: டி என்றால் டீசல், ஏ என்றால் ஏசி மின்சாரம். மூன்றாவது வேலை: பி பயணிகள் வண்டிக்கு, ஜி சரக்குக்கு, எம் இரண்டுக்கும், எஸ் ஷண்டிங்குக்கு, அதாவது ஸ்டேஷனுக்குள் பெட்டிகளை நகர்த்திச் சேர்க்கிற வேலைக்கு. ஆக, டபிள்யூஏபி-7 என்பது அகலப்பாதையில் கரண்டில் பயணிகள் வண்டி இழுக்கிற ஏழாவது மாடல். நாங்கள் சுருக்கி வாப்-7 என்போம். சரக்கு இன்ஜின் டபிள்யூஏஜி-9 எங்கள் வாயில் வாக்-9.

கடைசியில் வரும் எண்ணில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். புது டீசல்களில் அது ஆயிரக்கணக்கிலான குதிரைத்திறன். டபிள்யூடிஜி-4 என்றால் 4,000 என்று வைத்துக்கொள்ளலாம். பழைய டபிள்யூடிஎம்-2க்கு இந்தக் கணக்கு செல்லாது, அது 2,600. கரண்ட் இன்ஜினில் எண் பெரும்பாலும் வெறும் வரிசை எண்தான். வாப்-7க்கு 7,000 குதிரைத்திறன் என்று சொல்லிக்கொண்டு திரியாதீர்கள், அது 6,000 சொச்சம்.

"மேல கம்பியைத் தொட்டுட்டுப் போனா கரண்ட் இன்ஜின், தொடாம போனா டீசல். சரிதானே?"

பார்த்து அடையாளம் காண அது போதும். ஆனால் டீசல் இன்ஜினும் கரண்டில்தான் ஓடுகிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. உள்ளே இருக்கிற டீசல் இன்ஜின் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுற்றுகிறது, அந்தக் கரண்ட் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மோட்டார்களுக்குப் போகிறது. கல்யாண மண்டபத்துக்கு வாடகைக்கு வருமே ஜெனரேட்டர் வண்டி, அதன் கரண்டை எடுத்து அதன் சக்கரத்தையே ஓட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் டீசல் இன்ஜின்.

கம்பி இருக்கிற பாதையிலும் டீசல் ஓடும், அதை யாரும் தடுக்கவில்லை. எங்கள் ஓமலூர்–தர்மபுரி–ஓசூர் பாதையில் கம்பி வராத காலத்தில் பெங்களூரிலிருந்து டீசலில் வரும் வண்டிகளில் பல, சேலத்தில் இன்ஜினைக் கழற்றிவிட்டு கரண்ட் இன்ஜினை மாட்டிக்கொண்டு போகும். அந்த மாற்றலைப் பார்க்கவே சேலம் போன நாட்கள் உண்டு.

"ஆல்கோ ஆல்கோன்னு உயிரை விடறீங்களே, அப்படி என்னங்க அதுல?"

ஆல்கோ என்பது அமெரிக்க கம்பெனியின் பெயர். அவர்கள் வடிவமைத்த டபிள்யூடிஎம்-2 1962-ல் இந்தியாவுக்கு வந்தது. 1964 முதல் வாரணாசித் தொழிற்சாலையில் நாமே செய்ய ஆரம்பித்தோம். இதில் வேடிக்கை என்னவென்றால், 1969-ல் அந்த அமெரிக்க கம்பெனியே மூடிவிட்டது. ஆனால் டபிள்யூடிஎம்-2 இங்கே 1990களின் கடைசி வரை பிறந்துகொண்டே இருந்தது. அதன் தம்பிகளான 3,100 குதிரைத்திறன் டபிள்யூடிஎம்-3ஏ, 3,300 குதிரைத்திறன் டபிள்யூடிஎம்-3டி எல்லாம் அதற்கப்புறமும் வந்தன. தாய்வீடு இடிந்துபோய், புகுந்த வீட்டில் வம்சம் தழைத்த கதை.

ஆனால் ரசிகர்கள் உயிரை விடுவது வரலாற்றுக்காக இல்லை, சத்தத்துக்காக. பதினாறு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். நின்றுகொண்டிருக்கும்போது ஒரே சீராக ஓடாது. குதிரை தட்டித் தட்டி நிற்பது மாதிரி ஒரு தாளம், நடுவில் ஒரு அடி தவறிய மாதிரி இருக்கும், மறுபடி பிடித்துக்கொள்ளும். காயில் கடைக்காரனுக்கு அப்படிக் கேட்டால் "இது ரிப்பேர்" என்றுதான் தோன்ற வேண்டும். எனக்கோ அது பாட்டு மாதிரி இருக்கிறது, என்ன செய்ய?

ஒரு முறை தர்மபுரி ஸ்டேஷனில் கிராசிங்குக்காக ஒரு ஆல்கோ நின்றது. எங்கள் பாதை ஒற்றைப் பாதை, எதிர் வண்டி வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். டிரைவர் இறங்கி, பழைய தினசரித் தாளைக் கசக்கி முன்கண்ணாடியைத் துடைத்தார். நான் பிளாட்பார விளிம்புக்கு இந்தப் பக்கம் நின்று பக்கவாட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தகரம் முழுக்க எண்ணெய் பிசுக்கு, அதில் தூசி படிந்து, யாரோ விரலால் ஒரு பிள்ளையார் சுழி போட்டிருந்தார்கள். இன்ஜின் அதிரும்போது கதவின் தாழ்ப்பாள் தனியாக டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் போனதே தெரியவில்லை.

"கரும்புகை கக்குனா இன்ஜின் கெட்டுப்போச்சுன்னுதானே அர்த்தம்?"

லாரிக்காரர்கள் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். எப்போதும் புகைத்துக்கொண்டே போனால் கோளாறுதான். ஆனால் ஆல்கோ கிளம்பும்போது மட்டும் விடுகிற புகைக்குக் காரணம் டர்போ, அதாவது இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளுகிற விசிறி. அந்த டர்போ, வெளியேறும் புகையின் வேகத்தில்தான் சுற்றும். டிரைவர் நாட்ச் (ஆக்சிலரேட்டர் படி மாதிரி) கூட்டியதும் டீசல் உடனே உள்ளே போய்விடுகிறது, அதற்கு ஈடான காற்றைத் தள்ள டர்போவுக்கு வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரமாகிறது. அந்தச் சில நொடி அரைகுறையாக எரிந்த டீசல்தான் ஆகாயத்தில் கருப்பாக எழும்பும். காற்று சேர்ந்ததும் புகை மெலிந்துவிடும். ரசிகர்களுக்கு அந்தச் சில நொடிதான் திருவிழா. பக்கத்துத் தெருவில் துணி காயப்போட்டவர்களுக்கு எப்படியோ.

"அப்போ இ.எம்.டி.ன்னு சொல்றது எது? அதுவும் டீசல்தானே?"

அதுவும் டீசல்தான், வேறு அமெரிக்கக் குடும்பம். 1990களில் ஜெனரல் மோட்டார்ஸின் ரயில் இன்ஜின் பிரிவான இ.எம்.டி.யோடு ஒப்பந்தம் போட்டு வாங்கியது. சரக்குக்கு டபிள்யூடிஜி-4 1999-லும், பயணிகள் வண்டிக்கு டபிள்யூடிபி-4 2001-லும் வந்தன. இது இரண்டு ஸ்ட்ரோக். ஆல்கோவின் தட்டல் இல்லை, ஆழமான ஒரு முனகல். இதன் டர்போவைக் குறைந்த வேகத்தில் இன்ஜினே பல்சக்கரம் வழியாகச் சுற்றிவிடும். அதனால் முன் பதிலில் சொன்ன காற்றுப் பற்றாக்குறை குறைவு, புகையும் குறைவு.

இன்ஜின்களைப் பராமரிக்கிற பெங்களூர் கிருஷ்ணராஜபுரம் ஷெட்டில் இந்த இன்ஜின்கள் நிறைய இருந்ததால் எங்கள் பாதை பல வருடம் இவற்றின் ராஜ்ஜியம். முதலில் வந்த டபிள்யூடிபி-4க்கு 4,000 குதிரைத்திறன் இருந்தும் ஆறு அச்சில் நான்குக்குத்தான் மோட்டார். நீளமான வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதில் அது சிரமப்படும், மழை நாளில் சக்கரம் வழுக்கும். அப்புறம் வந்த 4பி-யில் ஆறு அச்சுக்கும் மோட்டார், 4,500 குதிரைத்திறன். அதற்கும் அப்புறம் 4டி, இரண்டு பக்கமும் டிரைவர் அறையோடு. அதற்கு முன் ஒரு அறைதான். நீள மூக்கு முன்னால் வரும்படி மாட்டினால் டிரைவர் அத்தனை நீளத்தையும் தாண்டி எட்டிப் பார்த்து ஓட்ட வேண்டும். தண்ணீர் லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து முன்னால் பார்த்து ஓட்டுவது போல.

"இப்ப எங்க பார்த்தாலும் வெள்ளையா ஒரே இன்ஜின்தான் வருது. போர் அடிக்கலையா உங்களுக்கு?"

அது வாப்-7. போர் அடிக்கிறது என்று ஒரு காலத்தில் நானும் சொன்னேன், இப்போது சொல்வதில்லை. அதற்கு முன் மொரப்பூர் பக்கம் வாப்-4 ஆதிக்கம், ஈரோடு ஷெட் இன்ஜின்கள். வாப்-4ல் இருப்பது டிசி மோட்டார், கார்பன் பிரஷ், கம்யூட்டேட்டர் எல்லாம் உண்டு. வேகம் கூட்ட டிரான்ஸ்பார்மரில் 32 படி இருக்கும் டேப் சேஞ்சர், ஒவ்வொரு படியாக ஏறும். நின்றாலும் புளோயர் இரைச்சல் காதைப் பிளக்கும்.

வாப்-7ல் திரீ பேஸ் இன்டக்ஷன் மோட்டார். நீங்கள் என் கடைக்குத் தூக்கிவருகிற போர்வெல் மோட்டாரின் பணக்கார அண்ணன் அது, பிரஷ்ஷே கிடையாது. கம்பியில் வருவது 25,000 வோல்ட் சிங்கிள் பேஸ். அதை இன்ஜின் உள்ளேயே திரீ பேஸாக மாற்றி, அதிர்வெண்ணைக் கூட்டிக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. கிளம்பும்போது படிப்படியாகச் சுதி ஏறும் ஒரு ரீங்காரம் கேட்கும், கவனித்திருக்கிறீர்களா? அந்த மாற்றம் நடக்கிற சத்தம்தான் அது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் அதே மோட்டார் ஜெனரேட்டராகி கரண்டைக் கம்பிக்கே திருப்பித் தருகிறது. தர்மபுரியிலிருந்து ஓமலூருக்கு இறங்கும் வண்டி சும்மா இறங்கவில்லை, சம்பாதித்துக்கொண்டே இறங்குகிறது. வண்டிப் பெட்டிகளின் விளக்குக்கும் ஏசிக்கும் இதே இன்ஜின் கரண்ட் கொடுப்பதால், ஜெனரேட்டர் பெட்டியின் சத்தமும் பல வண்டிகளில் அடங்கிவிட்டது.

இன்னொன்று. வாப்-7 தனியாகப் பிறந்ததில்லை. சரக்கு இழுக்கிற வாக்-9ஐ எடுத்து, பல்சக்கர விகிதத்தை வேகத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றியதுதான். பச்சை வாக்-9ஐயும் வெள்ளை வாப்-7ஐயும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் ஒரே தாய் பிள்ளைகள் என்று தெரிந்துவிடும்.

"வந்தே பாரத்துக்கு எந்த இன்ஜின் போடறாங்க?"

இன்ஜினே கிடையாது. சென்னை மின்சார ரயில் மாதிரி மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே இருக்கின்றன. கோவை–பெங்களூர் வந்தே பாரத் 2023 டிசம்பர் கடைசியிலிருந்து நம் தர்மபுரி வழியாகத்தான் போகிறது. படம் எடுத்திருக்கிறேன், சுவரில் மாட்டவில்லை.

"எல்லாத்தையும் விட பவர் ஜாஸ்தியான இன்ஜின் எது? அதை ஏன் நம்ம எக்ஸ்பிரஸுக்குப் போட மாட்டேங்கறாங்க?"

இப்போது ஓடுவதில் பெரியது வாக்-12. பீகாரில் மதேபுராவில் ஆல்ஸ்டாம் கூட்டில் செய்கிறார்கள். இரண்டு துண்டு சேர்ந்து ஒரே இன்ஜின், 12,000 குதிரைத்திறன். எழுத்தைப் பாருங்கள், ஜி. சரக்குக்குச் செய்தது.

பவர் அதிகம் என்பதும் வண்டிக்கு ஏற்றது என்பதும் வேறு வேறு. உழவுக்கு டிராக்டர், கல்யாணத்துக்குப் போக கார். ஆயிரக்கணக்கான டன் நிலக்கரியை நிறுத்தி எடுக்க வேண்டியதற்கு ஒரு பல்சக்கரக் கணக்கு, இருபத்துச் சொச்சம் பெட்டியை 130ல் கொண்டுபோக இன்னொரு கணக்கு. நம் எக்ஸ்பிரஸுக்கு ஒரு வாப்-7 தாராளம்.

"முன்னாடி ரெண்டு இன்ஜின் மாட்டிட்டுப் போகுதே, அப்ப ரெண்டும் சேர்ந்து இழுக்குதா?"

இழுக்கலாம், இழுக்காமலும் இருக்கலாம். இரண்டையும் கேபிளால் இணைத்து முன் இன்ஜினில் இருக்கிற ஒரே டிரைவர் இரண்டையும் இயக்கினால் அது எம்.யூ. கனமான கூட்ஸ் வண்டியில் சாதாரணமாகப் பார்க்கலாம். சில நேரம் பின்னது செத்த இன்ஜின். ஷெட்டுக்கு மராமத்துக்குப் போகிறது, இல்லை தொழிற்சாலையிலிருந்து புதிதாக வருகிறது, சும்மா சவாரி. கரண்ட் இன்ஜின் என்றால் கண்டுபிடிப்பது எளிது: இரண்டிலும் பேண்டோ, அதாவது மேல் கம்பியைத் தொடுகிற கை, தூக்கியிருக்கிறதா பாருங்கள். டீசல் என்றால் காதுதான் வழி, அல்லது ரேடியேட்டர் மேல் காற்று நடுங்குகிறதா என்று பார்ப்பது.

"வடநாட்டு ஷெட் பேரு போட்ட இன்ஜின் மொரப்பூர்ல நிக்குதே, வழி தவறி வந்துடுச்சா?"

ஒவ்வொரு இன்ஜின் பக்கவாட்டிலும் அதன் சொந்த ஷெட்டின் பெயர் இருக்கும். ஈரோடு, ராயபுரம், அரக்கோணம், கிருஷ்ணராஜபுரம் இவையெல்லாம் நம் பக்கம் அடிக்கடி கண்ணில் படுபவை. பராமரிப்பு அந்த ஷெட்டின் பொறுப்பு, ஓட்டம் நாடு முழுக்க. சரக்கு இன்ஜின்களுக்கு எல்லையே கிடையாது. எங்கே லோடு கிடைக்கிறதோ அங்கே போய், அங்கிருந்து இன்னொரு லோடு பிடித்து வேறு எங்கோ போகும். நாமக்கல் லாரி அஸ்ஸாமில் நிற்பதைப் போல.

பயணிகள் வண்டிக்கு மட்டும் இந்த வண்டிக்கு இந்த ஷெட் இன்ஜின் என்று ஏற்பாடு உண்டு, அதற்கு லிங்க் என்று பெயர். அது தப்பி வேறு இன்ஜின் வந்தால் ஆஃப்லிங்க். ரசிகர்களுக்கு லாட்டரி அடித்த மாதிரி. அன்றைக்கு என் கடை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்தால் காரணம் இதுதான்.

"தர்மபுரியில எங்க நின்னா நல்லா பார்க்கலாம்?"

எண்ணிக்கை வேண்டும் என்றால் மொரப்பூர், பொம்மிடி. சேலம்–ஜோலார்பேட்டை இரட்டைப் பாதை, கேரளா வண்டி, கோவை வண்டி, கூட்ஸ் என்று வந்துகொண்டே இருக்கும். வேகமாகக் கடக்கிற வண்டியில் இன்ஜின் எண்ணைப் படிக்கப் பழகலாம். 22-ல் தொடங்கும் ஐந்திலக்கம் என்றால் பெரும்பாலும் வாப்-4, 30 அல்லது 37 என்றால் பெரும்பாலும் வாப்-7, 60 என்றால் வாக்-12.

இன்ஜின் உழைப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் தொப்பூர் பக்கம். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஓசூர் 900 மீட்டர் வாக்கில். பெங்களூர் போகிற வண்டி அத்தனையும் ஏற வேண்டும். தொப்பூர், முத்தம்பட்டி, சிவாடி என்று காட்டுக்குள் வளைந்து வளைந்து பாதை போகும். முத்தம்பட்டி ஆஞ்சநேயர் கோயிலுக்குச் சனிக்கிழமை போகிறவர்களுக்கு அந்த இடம் தெரியும். 2021 நவம்பரில் கண்ணூர்–யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் மேல் பாறைகள் உருண்டு விழுந்து பெட்டிகள் தடம் புரண்டது தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவில்தான். நல்ல வேளை, உயிர்ச்சேதம் இல்லை. அழகான இடம் என்பதற்காகத் தண்டவாளத்தில் இறங்கிவிடாதீர்கள். ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவுப்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஸ்டேஷன் என்றால் பத்து ரூபாய் பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு கண்ணியமாக நில்லுங்கள். மேலே போவது 25,000 வோல்ட். தொட வேண்டிய அவசியமே இல்லை, பக்கத்தில் போனாலே பாயும். செல்ஃபிக் குச்சியோடு கூட்ஸ் வண்டி மேல் ஏறுகிற பையன்களுக்கு இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

"நாங்க கிருஷ்ணகிரிங்க. எங்க ஊருக்கு ரயிலே இல்ல, நாங்க என்ன பண்றது?"

சாமல்பட்டிக்கோ ராயக்கோட்டைக்கோ வாருங்கள். ராயக்கோட்டையில் ஏறி வந்த இன்ஜின் மூச்சு வாங்குவதைப் பார்க்கலாம், தக்காளியும் வாங்கிப் போகலாம்.

ஆனால் "ரயிலே இல்லை" என்பது இன்றைய நிலவரம். 1905-லேயே திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இரண்டரை அடி குட்டிப் பாதை போட்டார்கள். அடுத்த வருடம் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு இன்னொன்று, அது 1913-ல் ஓசூர் வரை நீண்டது. எழுத்துக் கணக்கில் சொன்ன இசட் வகைப் பாதைகள். கிருஷ்ணகிரிப் பாதை 1936-ல் மூடப்பட்டது, மொரப்பூர்–ஓசூர் பாதை உலகப் போர் நடந்த 1941-ல். இப்போது ஓமலூரிலிருந்து ஓசூர் போகும் பாதை வெகுகாலம் கழித்து மீட்டர் கேஜாக வந்து, 1990களில் அகலப்பாதையானது. மொரப்பூர்–தர்மபுரிக்குப் புதுப் பாதை போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். கடைக்கு வருகிற பெரியவர்கள் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மோட்டார் தயாராகி ஆறிப்போகிற வரை பேசுவார்கள்.

"நீராவி இன்ஜின் எங்கயாச்சும் இன்னும் ஓடுதா? பசங்களுக்குக் காட்டணும்."

மேட்டுப்பாளையம் போங்கள். அங்கிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் எக்ஸ் வகை நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு டீசல்தான். டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். பிள்ளைகளை ஜன்னலோரம் உட்காரவைத்தால் கண்ணில் கரி விழும், அதுவும் அனுபவம்தான்.

"சும்மா சுத்தி வளைக்காதீங்க. உங்களுக்குப் புடிச்ச இன்ஜின் எது? ஒண்ணே ஒண்ணு."

ஆல்கோ என்று சொல்வேன் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? நானும் வெகுநாள் அப்படித்தான் சொன்னேன். இப்போது கேட்டால் டபிள்யூடிபி-4, அந்த ஒற்றை அறை, நான்கு மோட்டார் இன்ஜின். மேலே அதைக் குறை சொன்னேனே, அதேதான்.

ஒரு ஐப்பசி மழை ராத்திரி. சிவாடி பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போர்வெல் மோட்டார் மாட்டப் போயிருந்தேன். வேலை முடிய பதினொன்றாகிவிட்டது. பெங்களூர் போகிற வண்டி ஒன்று சிக்னலுக்கு நின்றுவிட்டு ஏற்றத்தில் கிளம்பப் பார்க்கிறது, வழுக்குகிறது. முனகல் உயரும், சக்கரம் இரைந்து சுற்றும், உடனே அடங்கும். டிரைவர் பிடிப்புக்காகத் தண்டவாளத்தில் மணலைத் தூவி மறுபடி மெல்ல எடுப்பார், மறுபடி வழுக்கும். தோட்டக்காரரும் நானும் பம்ப் செட் கூரைக்கு அடியில் நின்று, பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். நாலாவதோ ஐந்தாவதோ முறை பிடித்துக்கொண்டது. பெட்டி பெட்டியாக விளக்கு வெளிச்சம் ஈரச் சோளத்தட்டின் மேல் நகர ஆரம்பித்தது. "அப்பாடா" என்றார் தோட்டக்காரர். அந்த இன்ஜினின் எண்ணை நான் பார்க்கவே இல்லை.